மஞ்சள் துண்டும் பாதிக் கூடும்

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிய நாட்களில், கோரை என்ற பெண் தூக்கணாங்குருவிக்கு ஓர் அநியாயம் நடந்தது. அவள் நெய்த துண்டை அவள் புருஷன் மருதன் தலையில் கட்டிக்கொண்டு போய், பறவைகளின் சபையில் தான் நெய்ததாகச் சொன்னான். சபையும் நம்பியது.

அவள் ஒன்றும் பொழுதுபோக்குக்கு நெய்யவில்லை. அப்போதெல்லாம் தூக்கணாங்குருவிகள் புல்தரையில்தான் முட்டையிடும். பாம்பு வந்து விழுங்கிவிட்டுப் போகும். ஒவ்வொரு வருஷமும் பறிகொடுத்த கோரை, பாம்புக்கு எட்டாமல் தொங்குகிற கூடு ஒன்று நெய்தே தீருவது என்று நினைத்தாள். அலகு பழக, முதலில் ஒரு துண்டு. கருவேலங் கவட்டையைக் குட்டித் தறியாக்கி, இரண்டு கொம்புக்கும் நடுவே பனை நாரை நெடுக்கே பாவாக இழுத்துக் கட்டினாள். குறுக்கே ஊடை நாரை மேலும் கீழுமாக நுழைத்தாள். இழுத்தால்தான் உறுதி என்று நினைத்து இழுக்க, துண்டு நடுவில் ஒடுங்கி இடுப்பு வைத்துக்கொண்டது. பிரித்தாள். தளர விட்டாள், தொளதொளத்தது. அதையும் பிரித்தாள். ஊடையை வில்போல வளைத்துவிட்டு மெல்ல அமுக்கினால் ஓரம் நேராக நிற்கும் என்று கடைசியில் அவளாகவே கண்டுபிடித்தாள்.

மருதன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்? பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, "துண்டு நெய்யிறாளாம், துண்டு. யாருக்குப் பட்டாபிஷேகம்?" என்று சிரித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கிழங்கை இடித்து அவள் சாயம் ஏற்றிய பிறகுதான் அவன் கண் விரிந்தது.

"ஐயா, அதை நெய்தது நான்," என்றாள் கோரை சபையில்.

தலைவர் செம்போத்து சிவந்த கண்ணை உருட்டினார். "இப்ப அது யார் தலையில இருக்கு?"

"அவர் தலையிலதான் இருக்கு," என்று புருஷன் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களே சொல்லுங்க."

மருதன் வானத்தைப் பார்த்தான்.

"பெண்டாட்டி முறைக்கிறா, மருதா. இன்னைக்கு உனக்குத் தினை கிடையாது," என்றது காகம். சபையே சிரித்தது.

"விடும்மா," என்றார் செம்போத்து. "புருஷனுக்குப் பேர் வந்தா உனக்கும் பெருமைதானே. மருதன்தான் நெசவாளி. இனி கூடும் அவனே நெய்யட்டும்."

உனக்கும் பெருமையாம். அப்படியானால் அவளுக்குப் பேர் வந்து அவன் பெருமைப்பட்டிருக்கலாமே? அது மட்டும் ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை?

திரும்பும் வழியில் மழை பிடித்தது. துண்டின் சாயம் கரைந்து மருதனின் தலையிலும் மார்பிலும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கோரை, நான் நார் கிழிச்சுத் தர்றேன். நீ கூட்டை நெய். முட்டை வைக்கிற நாள் வந்துடுச்சு."

"நெசவாளி யாருன்னு சபை சொல்லிடுச்சே. நீ நெய்." மாமாவும் போயிற்று, மரியாதையும் போயிற்று.

"எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அதைச் சபையில போய்ச் சொல்லு."

சபையில் ஒப்புக்கொள்வதைவிட நெய்வதே மேல் என்று தொடங்கினான். முதல் கூடு ஒடுங்கிப் போனது. பாதியிலேயே கோரை வந்து காலால் உலுக்கினாள், ஒரு நாரை இழுத்துப் பார்த்தாள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள். அடுத்தது தொளதொளத்தது. அதற்கும் அதே கதி. எத்தனையோ கூட்டுக்குப் பிறகு ஓரம் நேராக நின்ற ஒன்றில்தான் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவிகளில் மஞ்சள் தலை ஆண் நெய்கிறது, தவிட்டு நிறப் பெண் சோதிக்கிறது. பனைமரங்களில் பாதியில் விட்ட கூடுகள் காற்றில் ஆடுகின்றன. "இவ்வளவு பாடுபட்டேனே, இதுல என்ன குறை?" என்று ஆண் சிறகடித்துக் கெஞ்சும்போதெல்லாம், கோரை தன் மருதனுக்குச் சொன்னதைத்தான் ஒவ்வொரு பெண்ணும் சொல்கிறது:

"முட்டை வைக்கப் போறவ நான். எனக்குப் பிடிக்கல. வேற நெய்."