பூதம் கட்டிய படகு

ஆறுகள் ஆளைப் பார்த்துப் பேசிய காலத்திலே, ஓர் ஆற்றங்கரையில் வடிவு என்றொருத்தி இருந்தாள். அவள் கணவன் செங்கோடன் படகோட்டி. போன மழையில் படகு கவிழ்ந்து அவன் பிழைத்ததே பெரும்பாடு. அதிலிருந்து வானம் இருண்டாலே அவள் கரைக்கு ஓடி வந்து நிற்பாள்.

செங்கோடன் அக்கரைக்குப் போயிருந்த ஒருநாள், ஒரு பூதத்தின் காலில் தைத்த முள்ளை வடிவு பிடுங்கிவிட்டாள். "தாயே, உன் வீட்டுப் பானைக்குள் ஒரு கட்டளை சொல். காலமெல்லாம் செய்வேன். தப்பினால் ஒரே ஒரு தடவை திருத்தலாம்" என்றது பூதம்.

அவள் பானைக்குள் குனிந்து சொன்னாள்: "மழை வந்தால், அவர் படகு ஆற்றில் இருந்தால் கரைக்கு இழுத்து வா, இல்லையென்றால் கரையிலேயே கட்டிப் போடு."

உடனே பூதம் அக்கரையில் படகைக் கட்டிப் போட்டது. அன்று பளிச்சென்ற வெயில். மறுநாளும் வெயில். மாதங்கள் போயின, மழை எட்டிப் பார்க்கவில்லை. வேறு படகில்லை, ஆற்றில் முதலைகள். மாலையானால் அக்கரையில் அவன் அடுப்புப் புகை எழும். அதைப் பார்த்துத்தான் இவள் அடுப்பு மூட்டுவாள். அவனைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"படகை விடு" என்று கேட்டாள். "நீ சொன்னதைத்தானே செய்கிறேன், தாயே" என்றது பூதம். அழுதாள். "நீ சொன்னதைத்தானே செய்கிறேன்." பொங்கல் படைத்தாள். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நீ சொன்னதைத்தானே செய்கிறேன்" என்றது.

"மழையே இல்லையே, ஏன் கட்டினாய்?"

"மழை இல்லையென்றால் கட்டச் சொன்னாயே."

"ஐயோ, நான் சொன்னது படகு ஆற்றில் இல்லையென்றால்."

"அந்த 'இல்லையென்றால்' யார் வீட்டுப் பிள்ளை என்று நீ சொல்லவில்லை. உன் பேச்சில் மழைதான் முதலில் வந்தது. மூத்தவருக்குக் கொடுத்தேன்."

திருத்த ஒரே தடவைதான் உண்டு. இந்தத் தடவையும் தப்பினால் அவன் அக்கரையிலேயேதான். எதிரே புகை எழுந்தது. அவள் ஒரு சின்னக் கலயத்தை எடுத்து வந்தாள். "படகு ஆற்றில் இருந்தால் கரைக்கு இழுத்து வா, இல்லையென்றால் கட்டிப் போடு" என்று அதற்குள் சொல்லி, இறுக மூடினாள். பெரிய பானைக்குள் குனிந்து, "மழை வந்தால் மட்டும் கலயத்தைத் திற" என்று சொல்லி, கலயத்தை உள்ளே இறக்கினாள்.

பூதம் வானத்தைப் பார்த்தது. "மழையில்லை. எனக்கு வேலையுமில்லை" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டது.

படகு நடு ஆற்றுக்கு வந்தபோது, அத்தனை மாத மழையும் கொட்டியது. பூதம் கலயத்தைத் திறந்தது, படகை இழுத்து வந்து அவள் காலடியில் சேர்த்தது.

"தினம் உன் அடுப்புப் புகை தெரிஞ்சப்புறந்தான் சோத்துல கை வைப்பேன், வடிவு" என்றான் செங்கோடன், சொட்டச் சொட்ட நனைந்தபடி. அவள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.

அன்று அக்கரையில் புகை எழவில்லை. இக்கரையில் ஒரே அடுப்பில் இருவருக்கும் வெந்தது, பூதத்துக்கும் ஒரு பங்கு. அவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், நாமும் எழுந்து கை கழுவுவோம்.