பதினாலு வளைவு

"இன்னிக்காவது உச்சிக்குப் போவோமா, மாட்டோமா?"

அடிவாரத்தில் செருப்பு மணலை உதறிக்கொண்டே கேட்டார் ஏகாம்பரம்.

தபால்காரர் பைகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

அவர் வழக்கம் அது. தன் பையைத் தானே சுமக்கக்கூடாது. உன் பை இன்னொருவர் தோளில், இன்னொருவர் பை உன் தோளில். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். முப்பத்தைந்து வருஷம் மலையூர்களுக்குக் கடிதம் சுமந்தவர். அவரிடம் போய் என்னத்தைக் கேட்பது.

குரு என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்று கிழங்கட்டைகள் அவர் பின்னால் கூகைமலை ஏறின. வாய் திறக்காத அந்த மனுஷனிடம் ஏதோ இருக்கிறது என்று மூவருக்கும் எண்ணம்.

ஒருவர் லூர்துமேரி. ஓய்வுபெற்ற நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டர். இன்னொருவர் ரஹமத்துல்லா. மலையூர்களில் ஜவுளி மூட்டை சுமந்து விற்றவர், எல்லோருக்கும் பாய்.

மூன்றாமவர் ஏகாம்பரம். மலையின் மறுபக்கச் சாலையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் வண்டியைப் பார்த்துக் கடிகாரம் திருப்பலாம் என்பார்கள்.

அவருக்கு ஒரே ஆசை. அந்தச் சாலையில் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார். ஆனால் முழுச் சாலையையும் ஒரே பார்வையில் பார்த்ததில்லை. உச்சியில் நின்றால் தெரியும் என்றார்கள்.

ஏழு மாதமாக நடக்கிறார். உச்சி வாய்க்கவில்லை. வெயில் தலைக்கு நேரே வந்தால் தபால்காரர் உட்கார்ந்துவிடுவார். சாப்பாடு. சாப்பிட்ட இடத்திலிருந்து திரும்பிவிடுவார்.

அடுத்த வாரம் ஏகாம்பரத்துக்கு முட்டியில் ஆபரேஷன். இனி மலை கிடையாது, வீட்டு மாடியே யோசித்துத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

இதையெல்லாம் தபால்காரரிடம் சொன்னார்.

"சரி," என்றார் தபால்காரர். பாயின் பையை எடுத்து ஏகாம்பரத்தின் தோளில் மாட்டினார். ஏகாம்பரத்தின் பையைப் பாயிடம் கொடுத்தார்.

அவ்வளவுதான் பதில்.

*

நடந்தார்கள். அதை நடை என்று சொன்னால் நடைக்குக் கேவலம். நெல்லி மரம் வந்தால் நின்றார்கள். ஓடை வந்தால் காலை நனைத்தார்கள். சிஸ்டர் ஒரு பூவின் பேரைக் கேட்க, பாய் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதற்கு ஒரு வழக்கு. ஃபிளாஸ்க் காப்பி ஆளுக்கு ஒரு மூடி.

காற்று நன்றாகத்தான் இருந்தது. ஏகாம்பரத்துக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

"நான் முன்னாலே போறேன். பாத்துட்டு வந்துடறேன்."

"போங்க," என்றார் தபால்காரர்.

ஏறினார். ஏறும்போது முட்டி சும்மா இருக்கும். இறங்கும்போதுதான் உயிரை வாங்கும்.

உச்சிப்பாறை தலைக்கு மேலே வந்தது. கீழே, மறுபக்கம், சாலை. தரையில் அவிழ்ந்து விழுந்த நாடா மாதிரி.

அடியிலிருந்து எண்ணினார். ஏழு வளைவு. அதற்கு மேல் பாறை மறைத்தது. சுற்றி ஏறினால் இருபது நிமிஷம். பதினாலும் தெரியும்.

தொண்டை வறண்டது. தண்ணீருக்குப் பையைத் திறந்தார்.

தண்ணீர் இருந்தது. கூடவே ஒரு மாத்திரை டப்பா. இலையில் கட்டிய கோதுமைத் தோசை.

பாய்க்குச் சர்க்கரை. பன்னிரண்டரைக்கு மாத்திரையும் சாப்பாடும். தவறினால் கை நடுங்கும். போன மாதம் கண்ணால் பார்த்தது.

மணி பன்னிரண்டு இருபது.

பாறையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். தபால்காரரை ஒரு வார்த்தை திட்டினார். டிரைவர் வாய், சொல்லவா வேண்டும்.

பையை மூடினார். தண்ணீர் குடிக்க மறந்துபோனது.

இறங்கினார். முட்டி கத்தியது. கத்தட்டும் என்று விட்டார்.

*

மூவரும் கடுக்காய் மரத்தடியில் இருந்தார்கள். பாயின் மடியில் ஏகாம்பரத்தின் பை, பிரிக்காமல். வாயில் ஒரு வெல்லத் துண்டு. அதுவும் சிஸ்டர் திணித்தது. தன் இட்லியைத் தின்னச் சொல்லி அரைமணி நேரமாகக் கெஞ்சியும் மனுஷன் கேட்கவில்லை என்று சிஸ்டர் புகார் சொன்னார். வண்டி வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தாராம்.

ஏகாம்பரம் மூச்சு வாங்கிக்கொண்டே தோசையைப் பிரித்து நீட்டினார். மாத்திரையையும்.

பாய் தின்றார். நிதானமாக. கை நடுக்கம் நின்றது. பிறகு சிரித்தார்.

"டிரைவர் சார், எட்டாம் வளைவுலதான் எங்க ஒத்தையடிப் பாதை வந்து சேரும். தலையில மூட்டையோட, கையைக் காட்டிக்கிட்டே ஓடி வருவேன். ஒரு நாள்கூட நீங்க நிறுத்தினதில்லை. அடுத்த பஸ் சாயங்காலம்."

ஏகாம்பரத்துக்கு அப்படி ஒரு ஆளே நினைவில்லை.

"அங்கே ஸ்டாப்பிங் கிடையாதே, பாய்."

"கிடையாதுதான். யாரு இல்லேன்னாங்க? இன்னிக்கு உச்சியிலேருந்து ரிவர்ஸ்லயே வந்துட்டீங்களே."

சிஸ்டருக்குச் சிரிப்பில் இட்லி புரையேறியது.

ஏகாம்பரம் காலை நீட்டி உட்கார்ந்தார். உச்சிப் பக்கம் திரும்பவில்லை. பாய் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தபால்காரர் வாயைத் திறந்தார்.

"சாலை தெரிஞ்சுதா?"

"மேலே நின்னப்போ ஏழு வளைவு பாத்தேன்," என்றார் ஏகாம்பரம்.

பாயின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"எட்டாவதை இங்கே வந்துதான் பாத்தேன்."