எக்காளத்தில் விழுந்த துளை

"சாமி, நான் செஞ்ச குத்தம் என்ன?" என்று கேட்டார் அம்பலவாணர்.

மடத்துத் தலைவர் பரஞ்சோதி அடிகள் தம் மடியில் கிடந்த எக்காளத்தைத் தூக்கி, ஊதும் வாய்க்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்த துளையை விரலால் தொட்டுக் காட்டினார்.

விசாரணை அத்தோடு முடிந்தது.

அடிகளைவிடப் பத்து வயது மூத்த சீடர் அம்பலவாணர். பன்னிரண்டு வருடமாக அந்தப் பித்தளை எக்காளத்தைப் புளி போட்டுத் துலக்குவது அவர் வேலை. விடியற்காலைப் பூசையில் அதை ஊதுவது அடிகள் மட்டும். வேறு வாய் படக்கூடாது. குருவின் மூச்சு தங்கிய இடம் என்பதால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது. அடிகளே போட்ட கட்டளை இது. அப்பாவி மனிதர், ஒருநாள்கூட மீறவில்லை.

துளை விழுந்து சத்தம் கெட்டதும் அடிகள் சபையைக் கூட்டிவிட்டார். துலக்குகிறவர் மனதில் இருக்கும் களிம்புதான் எக்காளத்தைத் தின்றது என்றார். குருபூசையன்று இவரை வெளியே அனுப்பினால் அது பழையபடி முழங்கும் என்றும் சொன்னார். சபை தலையாட்டியது. தலையாட்டத்தானே சபை.

குருபூசை நாளைக்கு. ஐம்பத்தெட்டு வயதில் அம்பலவாணருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அன்று காலை எக்காளத்தைச் சுமந்துகொண்டு அடிகளின் பின்னால் கன்னார் தெருவுக்குப் போனார். பாத்திரத்துக்கும் வாத்தியத்துக்கும் ஒட்டுப் போடுகிற வடிவம்மாள் அதை வாங்கி, சூடு காட்டி இணைப்பைக் கழற்றினாள். உள்ளேயிருந்து பச்சையாகக் கூழ் வழிந்தது. நாற்றம் தாங்காமல் அடிகளே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது வெளியிலேருந்து விழுந்த ஓட்டை இல்ல சாமி. ஊதுறவங்க எச்சி உள்ளயே தங்கி அரிச்சிருக்கு. கழுவுறதே இல்லியா?"

அம்பலவாணருக்கு உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பழி தீர்ந்தது, இனி எங்கேயும் போக வேண்டாம் என்றே நினைத்துவிட்டார்.

"சாமி, நாளைக்குச் சபையில இதைச் சொல்லிடுவீங்கல்ல?"

அடிகள் சாயங்காலத்துக்குள் ஒட்டுப் போட முடியுமா என்று வடிவம்மாளிடம் விசாரித்தார்.

"போடலாம். ஆனா சுத்திலும் செல்லரிச்ச மாதிரி இருக்கு. ஒட்டு ரெண்டு நாள் தாங்கினா பெரிசு. வாய்ப்பக்கத்தை வெட்டிட்டுப் புதுசா வச்சாத்தான் நிக்கும். அதுக்கு ஒரு வாரம் ஆகும் சாமி."

"வேண்டாம்" என்றார் அடிகள். "நாளைக்கு இவர் வாசலைத் தாண்டினதும் ஒருதரம் ஊதணும். அதுக்குத் தாங்கினாப் போதும்."