ஐந்தாவது பொட்டலம்

இந்தத் தடவை குகைக்குப் போனவர்கள் ஐந்து பேர். குழந்தைவேல் ஐயா, வயது ஐம்பத்தைந்து. சொக்கநாதன், எழுபத்திரண்டு. தனபாக்கியம், அறுபத்தெட்டு. நான், எழுபது. வழிகாட்டிப் பெண் சுக்மதி, வயது கேட்கவில்லை.

எங்கள் மூவருக்கும் குழந்தைவேல்தான் குரு. முன்பு குருவாக இருந்த பெரியவர் காலமாகும்போது, எங்களில் இளையவரைத் தன் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். சொக்கநாதனுக்கு மட்டும் நாக்கு இன்னும் பழகவில்லை. "டேய் குழந்தை" என்று ஆரம்பித்து "ஐயா" என்று முடிப்பார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு, பெரியவரையும் சேர்த்து, வடக்கே இதே காட்டுக்குப் பத்துப் பேர் வந்தோம். அதில் ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை. இந்தத் தடவை நான்கு பேர் வந்திருந்தோம். மீதி ஒருவர் மருதமுத்து. முதல் பயணத்துக்குப் பிறகு அவர் எங்களிடம் வரவில்லை.

காலையில் விடுதியில் தனபாக்கியம் புளிச்சோறு கிளறினார். பொட்டலம் கட்டுவது என் வேலை. நான்கு கட்டி நிறுத்தினேன்.

"அஞ்சு கட்டுங்க" என்றார் ஐயா.

"நாம நாலு பேர்தானே? வழிகாட்டிக்கா?"

"அந்தப் பொண்ணு சாப்பாடு கொண்டு வருது. நீங்க அஞ்சு கட்டுங்க."

கட்டினேன். ஆளில்லாத பொட்டலத்தைச் சுமப்பது எனக்குப் பிடிக்காது.

குகை வாசலில் சொக்கநாதன் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கல் விழுது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், மஞ்சளாகிவிட்டிருந்தது.

"டேய் குழந்தை... ஐயா. அன்னைக்கு ஒடைச்சது நான்தான்."

தனபாக்கியம் என்னைப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன்.

அன்று நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குகையின் மூன்றாவது அறையில், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளில் ஒன்று முறிந்திருந்தது. அப்போதைய வழிகாட்டி கண்டுபிடித்துச் சத்தம் போட்டார். யார் என்று பெரியவர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. மருதமுத்து கொஞ்சம் முன்புதான் வழுக்கி விழுந்து, சுவரைப் பிடித்து எழுந்திருந்தார். அவர் உள்ளங்கையெல்லாம் வெள்ளை. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். நானும் பார்த்தேன்.

"நான் இல்லை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

குகையை விட்டு அருவிக்கரைக்கு வந்து சாப்பிடும்போது எங்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. திரும்பும் வழியில் தன் ஊர் வந்ததும் ரயிலிலிருந்து இறங்கினார். அவ்வளவுதான்.

"ஏன் ஒடைச்சேன்னு தெரியலை. அழகா இருந்தது, கை போயிடுச்சு" என்றார் சொக்கநாதன். "இதைத் திருப்பி அங்கேயே வெச்சிட்டா எல்லாம் சரியாயிடுமா ஐயா?"

"உள்ளே போய்ப் பார்ப்போம்."

சொக்கநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தார். பசை.

"ஏண்ணே, குகைக்கு ஒட்டுப்போடவா கிளம்பி வந்தீங்க?" என்றார் தனபாக்கியம்.

"கடைக்காரன் கல்லையும் ஒட்டும்னுதான் சொன்னான்."

"எந்தக் கல்லுன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

சொக்கநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் குழாயைக் கீழே போடவில்லை.

உள்ளே போனோம். அன்று ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. இன்று ஆளுக்கொரு டார்ச். முதல் அறையில் பெரியவர் ஒரு தடவை கைதட்டிவிட்டு, சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடி நின்ற இடம் அப்படியே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் சொல்லிவைத்ததுபோல் அங்கே நின்றோம். யாரும் கைதட்டவில்லை.

மூன்றாவது அறையில், படுத்த மாடு போன்ற பாறைக்கு மேலே, அந்த இடத்தை ஐயா தேடாமலே காட்டினார். நான் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தேன்.

சொக்கநாதன் கல்லை உயர்த்தினார். பாதியில் கை நின்றுவிட்டது.

முறிந்த முனையில் புதிதாக ஒரு வெள்ளை முளை. அரிசி அளவு. அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

சுக்மதி இந்தியில் ஏதோ அவசரமாகச் சொன்னாள். ரயில்வே குடியிருப்பில் இருபது வருடம் வடக்கே வாழ்ந்த தனபாக்கியம் எங்களுக்குச் சொன்னார்: "தொடாதீங்கங்கிறா. கை பட்டா அது வளராதாம்."

"ஐயா, வைக்க இடம் இல்லையே" என்றார் சொக்கநாதன்.

"இருக்கே."

"எங்கே?"

"அந்த அரிசியை ஒடைச்சிட்டா இருக்கு."

சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு திரள்வதற்கு வெகுநேரம் ஆனது. எவ்வளவு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வரை வந்தது. சொக்கநாதன் கல்லைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினார்.

சுக்மதியிடம் விடைபெற்று அருவிக்கு இறங்கினோம். அன்று வேரைப் பிடித்து இறங்கினோம். இன்று படி கட்டியிருக்கிறார்கள், இருநூற்றுப் பதினான்கு. பெரியவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் உட்கார்ந்த பாறையில் இப்போது கம்பி வேலி. தண்ணீர் மட்டும் அதே இடத்தில் விழுந்தது.

சாப்பிட்டு முடித்தோம். பையில் ஒரு பொட்டலம் கிடப்பதைச் சொக்கநாதன் பார்த்தார்.

"இது யாருக்கு?"

ஐயா கை கழுவிக்கொண்டே சொன்னார். "நம்ம வண்டி நாளைக்கு மத்தியானம் மருதமுத்து ஊர்ல நிக்கும். புளிச்சோறு அதுவரைக்கும் கெடாது."

சொக்கநாதன் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அவன் கதவைத் திறப்பானா?"

"தெரியாது."

"திறக்கலைன்னா?"

"நாம ரெண்டு பேரும் அவர் வாசல்ல உக்காந்து சாப்பிடுவோம்."

"நான் போறது சரி. நீங்க எதுக்கு?"

ஐயா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"அண்ணே, அன்னைக்கு விளக்குப் பிடிச்சவன் நான். உங்க கை எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

சொக்கநாதன் கைக்குட்டையைப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சு விழ மூன்று தடவை ஆனது.

நான் சாப்பாட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன். முதல் பயணத்தின் பக்கமும் அதில் இருக்கிறது. பொட்டலம் பத்து, சாப்பிட்டது ஒன்பது, மீதி ஒன்று. ஏன் என்று நான் எழுதவில்லை.

அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுதினேன். பொட்டலம் ஐந்து. சாப்பிட்டது நான்கு. மீதி ஒன்று.