அந்தப் பக்கத்துப் பல்

"போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்" என்றார் துரைக்கண்ணு.

செங்கமலத்தம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். மலைமேல் அந்த மடத்துக்கு அவர்தான் தலைவி. கூடத்தில் அவருக்கென்று பீடம் இருக்கிறது. அதில் உட்காரமாட்டார். நூறு பேருக்குப் பொங்கும் அடுப்படிதான் அவர் இடம். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

துரைக்கண்ணுவுக்கு அறுபத்தெட்டு. மின்வாரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதில் உத்தியோகம் போனதே தவிர அதிகாரம் போகவில்லை.

"யார் போகட்டும்?" என்று கேட்டார் அம்மா.

"என் இளைய பையன். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் தனிக்குடித்தனம் போறானாம். சித்திரை மூணாம் ஞாயிறு வண்டி சொல்லிட்டான். மூத்தவன் ஆறு வருஷம் முந்தியே போய்ட்டான். ரெண்டும் கோணல்."

"ஏன் போறானாம்?"

"கேக்கலை."

"சரி, என் வார்த்தை எதுக்கு?"

"வீட்டுக்காரி ஓயாம அழுறா. அம்மாவே போகட்டும்னு சொல்லிட்டாங்கன்னா வாயை மூடிக்குவா."

அம்மா புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"நின்னு நின்னு இடுப்பு போச்சு. உட்கார ஒரு மணை வேணும். ஒரு சாண் உயரம். ஆடக் கூடாது, சாயக் கூடாது. உங்ககிட்டதான் மிஷின் இருக்கே, அறுத்துக் கொண்டாங்க. உட்கார்ந்துக்கிட்டுச் சொல்றேன்."

"இவ்வளவுதானா!" என்றார் துரைக்கண்ணு.

மலையில் செயின்சா என்னும் மரமறுக்கும் மிஷின் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. எவர் வீட்டிலும் விறகடுப்பு கிடையாது. ஞாயிறு தவறாமல் மடத்துத் தோப்பில் கூடுவார்கள். காற்றில் விழுந்த சில்வர் ஓக் மரங்களை அறுத்து மடத்துக்குக் கொடுப்பார்கள். விறகுச் சேவை என்று பேர். நடப்பதென்னவோ மிஷின் பெருமை. உன்னது எத்தனை சிசி, என்னது எத்தனை இஞ்ச், யார் அடிமரத்தை எத்தனை விநாடியில் துண்டாக்கினான் என்றே பொழுது போகும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள்.

துரைக்கண்ணுவிடம் இரண்டு இருந்தன. அன்றும் ஞாயிறுதான். பெரியதை எடுத்தார். பல் டாக்டர் ஜெரோம் நேராகத் தறித்து வைத்திருந்த ஒரு முனையிலிருந்து சாண் அளந்து கோடு போட்டார். மிஷின் கயிற்றை இழுத்தார். அது உறுமியது. மரத்தூள் பறந்தது. துண்டு விழுந்தது.

ஒரு ஓரம் சாண். எதிர் ஓரம் அதில் இரண்டு விரல் குறைச்சல்.

பரவாயில்லை என்று கொண்டுபோய்ப் போட்டார். அம்மா உட்கார்ந்தார். உடம்பு இடதுபக்கம் சரிந்தது. சரிந்தபடியே பருப்பைக் கடைந்தார்.

"வார்த்தை?" என்றார் துரைக்கண்ணு.

"நான் நேரா உட்கார்ந்த பிறகுதானே, ஐயா."

"அந்த மிஷின் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சின்ன மிஷினோடு வந்தார். தோப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சங்கிலியின் பற்களைத் தீட்டினார். சங்கிலியில் ஒரு பல் இந்தப் பக்கம் பார்த்திருக்கும், அடுத்தது அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துப் பல் ஒவ்வொன்றுக்கும் அரத்தால் நாலு இழுப்பு. அந்தப் பக்கத்துப் பல்லுக்கு மணிக்கட்டை மடக்கி, முனகிக்கொண்டே, இரண்டு.

"என்ன சார், இவ்வளவு அக்கறை?" என்றார் டாக்டர் ஜெரோம். "என் நாற்காலியில உட்கார்றவங்களுக்குக்கூட நான் இத்தனை நேரம் பாக்கறதில்லை."

"உங்க வேலையைப் பாருங்க, டாக்டர்."

"பல்லுதானே சார் என் வேலை?"

மற்றவர்கள் சிரித்தார்கள். துரைக்கண்ணு கயிற்றை இழுத்தார். அறுத்தார்.

மறுபடியும் கோணல்.

டாக்டர் தன் மிஷினை நீட்டினார். துரைக்கண்ணு வெடுக்கென்று வாங்கி, முனையை நேராக்கிவிட்டு இன்னொரு துண்டு அறுத்தார். கத்தி வெண்ணெயில் இறங்கியது போல இறங்கியது. மேலும் கீழும் ஒரே மட்டம்.

"பாத்தீங்களா? கை சரியாத்தான் இருக்கு. மிஷின்தான் கோளாறு!"

இரண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார். நேரானதைப் போட்டார். அம்மா உட்கார்ந்தார். ஆடவில்லை. சாயவில்லை.

"நல்லா இருக்கு. யார் மிஷின்?"

"டாக்டர்து."

"அப்போ டாக்டர் பையன் போறதாயிருந்தா வரச் சொல்லுங்க, சொல்றேன். உங்க பையனுக்கு உங்க மிஷின்ல அறுத்துக் கொண்டாங்க."

துரைக்கண்ணுவுக்கு உச்சந்தலை சூடேறியது. "இது அநியாயம்" என்றார்.

"ஆமா" என்றார் அம்மா.

திங்கட்கிழமையே மலையிறங்கினார். சேலத்தில் டாக்டருடைய அதே மிஷினை, அதே நீளத்தில் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அப்படியே ஓட்டிப் பார்த்தாரா? இல்லை. கடைக்காரன் தீட்டியதை எவன் நம்புவான்? அரத்தை எடுத்தார். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் இரண்டு.

உள்ளே மருமகள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு. பத்து மணிக்கு வண்டி. அந்த நேரத்தில் வீட்டில் நிற்கக் கூடாதென்று ஒன்பது மணிக்கே தோப்புக்கு வந்துவிட்டார். வேறு யாரும் வந்திருக்கவில்லை. கோடு போட்டார். புது மிஷின் கர்ஜித்தது. துண்டு விழுந்தது.

கோணல்.

துரைக்கண்ணு ஒரு கையில் மிஷினையும் மறுகையில் துண்டையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். துண்டைத் தொப்பென்று போட்டார்.

"உங்க மணையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மரமே கோணல்!"

அம்மா நேரான மணையைவிட்டு எழுந்தார். சுவரோரம் கிடந்த இரண்டு கோணல் மணைகளையும் எடுத்தார். போட்ட வாக்கிலேயே புதியதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மெலிந்த ஓரத்தின்மேல் மெலிந்த ஓரம். அடுக்கு இடதுபக்கம் சாய்ந்துகொண்டு நின்றது.

"மூணு மிஷின்" என்றார்.

"மூணும் கோணல்."

"இது டாக்டர் மிஷின் மாதிரியேதானே?"

"அதேதான். ஒரு திருகு வித்தியாசம் இல்லை."

"அவர்து நேரா அறுத்ததே?"

துரைக்கண்ணு மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் தீட்டினது?"

"வேற யாரு? நான்தான்."

"எப்படித் தீட்டுவீங்க? நான் பார்த்ததில்லை. காட்டுங்க."

அவருக்குக் கோபம். ஆனாலும் தெரியாத ஒருத்தருக்குக் காட்டுவதென்றால் விடமாட்டார். மிஷினைத் தரையில் வைத்து உட்கார்ந்தார். பையிலிருந்து அரத்தை உருவினார். இந்தப் பக்கத்துப் பல்லுக்கு நாலு இழுப்பு. மணிக்கட்டை மடக்கினார். முனகினார். அந்தப் பக்கத்துப் பல்லுக்கு இரண்டு.

"அதுக்கு ரெண்டுதானா? அப்போ ஒரு பக்கம்தானே கூராகும்?"

"கை எட்டாது."

"எட்டவே எட்டாதா?"

"எட்டாம என்ன? அதுக்கு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காரணும்!" என்று கத்தினார் துரைக்கண்ணு. "நாப்பது வருஷமா இப்படித்தான் தீட்டுறேன். எவனுக்காக நான் எழுந்து..."

அடுப்பில் உலை கொதித்தது. அம்மா மூடியைத் தள்ளி வைத்தார். அவர் பக்கம் பார்க்கவில்லை.

அரம் இன்னும் சங்கிலிமேல் இருந்தது. துரைக்கண்ணு அதைப் பார்த்தார். சாய்ந்து நின்ற அடுக்கைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை.

எழுந்தார். மிஷினை எடுக்கவில்லை. செருப்பைத் தேடி ஒரு காலை மாட்டினார். மற்றொன்று சரியாக மாட்டவில்லை. இழுத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

"ஐயா, மணை?"

"அப்புறம் வந்து அறுக்கிறேன்."

"நில்லுங்க. மூணு வாரமா நடந்தீங்களே. போகட்டும்னு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடறேன்."

துரைக்கண்ணு வாசற்படியில் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"உங்க வார்த்தையை நீங்களே வச்சுக்குங்க!"