ஒழுகாத தொட்டி

மடத்துக்குள் நுழைந்ததும் தங்கப்பழம் பூந்தொட்டியை ணங்கென்று தரையில் வைத்தார்.

"இந்தாங்கம்மா உங்க செடி. சாகக் கிடக்கு. இப்பவாவது என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

சிவகாமியம்மை அவருக்கு மகள் வயதுக்காரி. ஆனாலும் குரு. போன மாதம் அவர் கேட்டது இதுதான்: "என் மகனுக்கு ஒரு குறை வைக்கலம்மா. மூச்சு முட்டுது, தனிக்குடித்தனம் போறேங்கான். எப்படித் தடுக்க?" பதிலுக்கு அம்மை இந்த ஆந்தூரியம் பூச்செடியைக் கொடுத்து, வீட்டுக்குள் வைத்து வளர்க்கச் சொன்னாள். மகனோ நாளைக்குப் புறப்பட லாரி பேசிவிட்டான்.

"தண்ணி ஊத்துனீங்களா அண்ணாச்சி?"

"இதென்ன கேள்வி? இலை தொங்குச்சு, ஊத்துனேன். இன்னும் தொங்குச்சு, இன்னும் ஊத்துனேன்."

அம்மை தொட்டியைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். "இங்க இருந்த ஓட்டை எங்க?"

தங்கப்பழம் முகம் மலர்ந்தார். "நான்தான் எம்-சீல் வச்சு அடைச்சேன். எவனோ ஓட்டைத் தொட்டியை உங்க தலையில கட்டியிருக்கான். என் பாத்திரக்கடையில ஒழுகுற சாமானை இதுவரைக்கும் வித்ததில்ல, பாத்துக்கிடுங்க."

அம்மை செடியைப் பிடுங்கினாள். வேர் கருத்துக் கூழாகிக் கிடந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது.

"தண்ணியிலயே நின்ன செடி எப்படிம்மா வாடும்?"

"வேரு மூச்சு விட மண்ணுக்குள்ள காத்து வேணும். அந்த இடத்துல பூரா உங்க தண்ணி நிக்குது."

"வேருக்கு மூச்சா?" தங்கப்பழம் குனிந்து வேரைப் பார்த்தார்.

அழுகியதை எல்லாம் கத்தரித்து, வெள்ளையாய் இருந்த நாலு வேரை மட்டும் அம்மை விட்டுவைத்தாள். தொட்டியின் ஓட்டையைக் குத்தித் திறந்தாள். லேசாக ஈரமிருந்த புது மண்ணில் நட்டாள். தங்கப்பழம் உடனே செம்பைத் தூக்கினார். அம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இலை தொங்குதேம்மா!"

"தொங்கட்டும். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க."

"ஈரமாத்தான் இருக்கு. அதுக்காகக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா?"

"ஆமா."

"எதுவரைக்கும்?"

"காயுறவரைக்கும்."

"ஒண்ணும் விளங்கல. நான் கேட்டது பிள்ளையப் பத்தி. நீங்க செடிக்கு வைத்தியம் பாக்கீங்க."

அப்போது செல்போன் அடித்தது. மகன்தான். லாரி இன்றைக்கே வந்துவிட்டதாம். சாமானை ஏற்றலாமா என்று கேட்டான்.

தங்கப்பழம் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "என்னம்மா சொல்ல?"

"உங்க பிள்ளை."

அவர் அம்மையைப் பார்த்தார். துவண்டு கிடந்த இலையைப் பார்த்தார். ஈரமண் ஒட்டியிருந்த தன் விரலைப் பார்த்தார்.

"ஏத்துடே," என்று சொல்லிப் போனை வைத்தார். அம்மை பக்கம் திரும்பினார். "போறவன் எங்கிட்ட ஒண்ணுமே கேக்காம இருந்துட்டாம்னா?"

"தாகம் இல்லன்னு அர்த்தம், அண்ணாச்சி."