பறையடித்து எண்ணிய காடு

மாறவேள் ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. புது மண்டபம் கட்ட வேண்டும், அதற்கு நூறு தூண் வேண்டும். அவ்வளவு பெரிய மரங்கள் கரும்பாறைச் சோலையில்தான் இருந்தன. ஆனால் தாத்தா போட்டுவிட்டுப் போன சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. அரிய உயிர்கள் குடியிருக்கும் காட்டில் கோடரி விழக் கூடாது.

"என்னென்ன இருக்கிறதென்று எண்ணிவிட்டு வாரும்" என்று வனக்கண்காணி குணசீலரை அனுப்பினார் ராஜா.

குணசீலருக்குக் காடு என்றால் வேட்டைதான். அதே தோரணையில் கிளம்பினார். முப்பது பறை, பத்துக் கொம்பு, இருபது நாய், நடுவில் பல்லக்கில் அவர். தடதடவென்று அடித்துக்கொண்டே எண்ணினார்கள். இரண்டே நாளில் முத்திரை போட்ட ஓலை வந்துவிட்டது. 'இருவாட்சிப் பறவை இல்லை. கருங்குரங்கு இல்லை. மலையணில் இல்லை. காடு காலி.' மனுஷனுக்கு என்ன சுறுசுறுப்பு பாருங்கள்.

மலைக்குடி மூப்பன் வெள்ளையன் அவைக்கு ஓடி வந்தார். "சாமி, பதினோரு பொந்துல இருவாட்சி அடைகாக்குது. பொட்டைப் பறவை உள்ள இருந்துக்கிட்டு வாசலைப் பூசி அடைச்சுக்கும். சேவல்தான் இரை கொண்டாந்து ஊட்டணும். மரத்தை வெட்டுனா அம்புட்டும் குஞ்சோட செத்துப்போகும்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"எண்ணியாகிவிட்டது" என்றார் குணசீலர்.

அவை விகடர் அம்பலத்தார் எழுந்தார். "மகாராஜா, வெட்டச் சொல்லுமுன் எனக்கு ஒரு நாள் கொடுங்கள். குணசீலரின் ஆட்களையும் இரவல் கொடுங்கள். இந்த அருமையான முறையை நானும் பழகிக்கொள்கிறேன்."

குணசீலருக்குப் பெருமை தாங்கவில்லை. நாய்கள் உட்பட எல்லாவற்றையும் தானே முன்வந்து கொடுத்தார்.

மறுநாள் அம்பலத்தார் ஓலையோடு வந்தார். "காட்டுக்கே போக வேண்டாம், மகாராஜா. ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் நாற்பது தேக்குத் தூண் இருக்கிறது. இழைத்து மெருகேற்றி நிற்கிறது. வீட்டில் யாரும் குடியில்லை. அதே ஆட்கள்தான் எண்ணினார்கள்."

"எந்த வீடு?"

"கீழ வீதியில் மூன்றாவது."

குணசீலர் பதறிப்போனார். "ஐயோ, அது என் வீடு. என் மனைவி, மாமியார், ஐந்து பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்."

"எங்கள் கண்ணில் ஒருவரும் படவில்லையே."

"எப்படிப் படுவார்கள்? முப்பது பறையும் இருபது நாயும் வீட்டுக்குள் புகுந்தால் யார் நிற்பார்கள்? கொல்லைப்புறமாக ஓடி வைக்கோற்போரில் ஒளிந்துகொண்டார்கள். என் மாமியார் இன்னும் வெளியே வரவில்லை."

"ஓஹோ, சத்தம் கேட்டால் ஓடி ஒளிவார்களோ? காட்டு ஓலையில் அதை எழுத மறந்துவிட்டீரே" என்றார் அம்பலத்தார்.

அவை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குணசீலரின் காட்டு ஓலையை எடுத்துக் கிழித்தார். "ஒரு மரத்தையும் தொடக் கூடாது. குணசீலரே, பறையும் வேண்டாம், பல்லக்கும் வேண்டாம். மூப்பன் காட்டுகிற மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து எண்ணிவிட்டு வாரும்."

"எத்தனை நாள் உட்கார வேண்டும், மகாராஜா?" என்று பரிதாபமாகக் கேட்டார் குணசீலர்.

அம்பலத்தார் முந்திக்கொண்டார். "பறவைகள் உம்மை மரக்கட்டை என்று நம்புகிற வரைக்கும். கவலைப்படாதீர், சீக்கிரம் நம்பிவிடும். எங்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை."